வெறும் லொறி கண்ட சமதரை

கிண்ணியாப் பாலத்தின் அடியில் தகரக் கூரை போட்ட தேத்தண்ணிக் கடை ஒன்று இருக்கிறது. அதை நடத்துகிற ஸைனுலாப்தீனிடம் தேத்தண்ணி கேட்டால் வரக் கொஞ்சம் சுணங்கும். வழி கேட்டால் உடனே வரும். பதுளைக்கு எப்படிப் போவது என்று யாராவது வாயெடுத்தால் போதும், மனுஷன் கேத்தலை அடுப்பில் கொதிக்க விட்டுவிட்டு வெளியே வந்துவிடுவார். உள்ளேயிருந்து மனைவி ஸல்ஹா, "தண்ணி வத்துது, ரோட்டெல்லாம் பொறகு போடுங்க!" என்று சத்தம் வைப்பாள்.

சும்மா சொல்லக்கூடாது, வழி சொல்ல அவருக்குத் தகுதி இருந்தது. இருபத்தேழு வருடம் மீன் லொறி ஓடியவர். கிண்ணியாவில் ஐஸ் போட்ட பெட்டிகளை ஏற்றி, மகியங்கனை கடந்து மலையேறி, பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை, பொரலந்தை என்று கடை கடையாகக் கொடுத்து, வெலிமடையில் கடைசிப் பெட்டியை இறக்குவார். பிறகு பண்டாரவளை வழியாக வெறும் லொறியோடு வீடு திரும்புவார். மீன் வாடைக்குப் பயந்து திரும்புகிற லொறியில் ஒருவரும் ஒரு கிழங்கு மூட்டைகூட ஏற்ற மாட்டார்கள்.

மூன்று வருடத்துக்கு முன் சாரதி அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப் போன இடத்தில் வலது கண் தேறவில்லை. "அந்த ரோட்டு முழுக்க நான் கண்ணை மூடிக்கொண்டே ஓடுவன்" என்று டொக்டரிடம் சொல்லிப் பார்த்தார். அதைச் சொல்லியிருக்கவே கூடாது. லொறி கைமாறிப் போயிற்று. வழிகள் மட்டும் அவர் வாயோடு தங்கிவிட்டன, அவற்றைக் கேட்கத்தான் ஆள் குறைவு.

அப்படி இருந்தவரிடம்தான் கஜந்தி வந்தாள். உப்புவெளிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிற ரீச்சர். ஞாயிறு தோறும் அவளும் கூடப் படிப்பிக்கிற ஜெயரூபியும் கியர் சைக்கிளில் பாலம் வரை ஓடி வந்து, ஸைனுலாப்தீன் கடையில் பிளேன்ரீ குடித்துத் திரும்புவார்கள். கரையோரத்துச் சமதரையில் ஓடி அலுத்துவிட்டதாம். பௌர்ணமிப் போயா லீவோடு சேர்த்து நாலு நாள் மலைநாட்டில் ஓடிப் பார்க்கப் போகிறார்களாம்.

"மலை ஏறுறது எப்பிடி இருக்கும் எண்டு பாக்கவேணும் நானா. அவ்வளவுதான்" என்றாள் கஜந்தி.

ஜெயரூபிக்கு அவ்வளவுதான் இல்லை. போன வருடம் மோட்டார் சைக்கிளில் விழுந்து முழங்கால் சத்திரசிகிச்சை செய்தவள். சைக்கிள் ஓடலாம் என்று டொக்டர் சொன்னார், ஓடவே கூடாது என்று வீட்டார் சொன்னார்கள்.

"நடுவழியில ஏலாமப்போய் வான் பிடிச்சு வந்தனெண்டால் என்ர கதை முடிஞ்சுது" என்றாள் அவள். "அண்ணன் அடுத்த நாளே சைக்கிளை வித்துப்போடுவார். நாங்கள் அப்பவே சொன்னனாங்கள் எண்டு சாகிறவரைக்கும் கேக்கவேணும்."

கஜந்தி கைபேசியை நீட்டினாள். பண்டாரவளையில் தொடங்கி அப்புத்தளை, பொரலந்தை, வெலிமடை போய்த் திரும்பப் பண்டாரவளைக்கே வருகிற ஒரு வட்டம் அதில் இருந்தது. ஏற்றமான துண்டுகளைச் சிவப்பில் காட்டியிருந்தது. வெலிமடையிலிருந்து பண்டாரவளைக்கு வருகிற கடைசித் துண்டும் சிவப்பு.

"இதில நல்ல ஏத்தம் கிடக்கு எண்டு காட்டுது நானா."

ஸைனுலாப்தீன் விழுந்து விழுந்து சிரித்தார். "ஏத்தமா? அந்த ரோட்டிலயா? ஒரு கைய வெளிய போட்டுக்கொண்டு, பாட்டுக் கேட்டுக்கொண்டு நான் வாற ரோட்டு தங்கச்சி! சமதரை! இந்தப் போன் எப்பயாவது வெலிமடைக்குப் போயிருக்கா? கேளுங்க பாப்பம்!"

பிறகு அவர் சொல்லச் சொல்லக் கஜந்தி கொப்பியில் எழுதினாள். எந்தப் பெற்றோல் செட்டில் பெண்கள் நம்பிப் போகக்கூடிய கழிப்பறை இருக்கிறது, அப்புத்தளையில் மூடுபனி எத்தனை மணிக்கு இறங்கும், எந்த வளைவில் தேயிலைத் தோட்டத்து நாய்கள் படுத்திருக்கும், பொரலந்தையில் எந்தக் கடையில் முட்டை ரொட்டி சுடச்சுடக் கிடைக்கும். போனுக்கு இதில் ஒன்றும் தெரியாது. அதனாலேயே கஜந்தி அவரை முழுசாக நம்பிவிட்டாள்.

"அப்ப அந்தச் சமதரையைக் கடைசிக்கு வைப்பம். பின்னேரம் ஆறுதலாக உருட்டிக்கொண்டு வரலாம். உங்கட காலுக்கும் நல்லம்" என்று ஜெயரூபியிடம் சொன்னாள். சிவப்புக்கோடு காட்டிய கைபேசி பைக்குள் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை இருவரும் சைக்கிள்களை வானில் ஏற்றிப் போனார்கள். சனிக்கிழமை எல்லவுக்குச் சின்ன ஓட்டம், ஞாயிற்றுக்கிழமைதான் அந்தப் பெரிய வட்டம். ஸைனுலாப்தீனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சனிக்கிழமை காலையில் மீன் வியாபாரி அஸாம் கடைக்கு வந்தபோது, அவனைப் பிடித்து வைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"நாளைக்குப் பின்னேரம் ரெண்டு புள்ளைகளும் வெலிமடை ரோட்டில காத்து வாங்கிக்கொண்டு வருவாங்க. ஆர் போட்ட வழி? நான் போட்ட வழி!"

ஸல்ஹா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்: "வெலிமடையில கடைசிப் பெட்டிய எறக்கினா லொறி பஞ்சு மாதிரி வரும் எண்டு சொல்லுவீங்களே?"

"ஓம், வரும். அதுக்கென்ன?"

"பஞ்சு மாதிரி வாற லொறிக்கு எது மேடு, எது பள்ளம் எண்டு தெரியுமா?"

"லொறி எப்பிடி ஓடுற எண்டு நீ எனக்குப் படிப்பிச்சுத் தாறியா?" என்று ஸைனுலாப்தீன் சீறினார். அஸாம் சிரிப்பை அடக்கத் தேத்தண்ணிக் கோப்பைக்குள் முகத்தை விட்டான்.

ஆனால் அதற்குப் பிறகு மனுஷனுக்கு வேலை ஓடவில்லை. சீனி போடாத தேத்தண்ணியை ஒருவருக்கும், தேத்தண்ணியே இல்லாத வெந்நீரை இன்னொருவருக்கும் கொடுத்தார். பண்டாரவளையிலிருந்து அப்புத்தளைக்குப் பாரத்தோடு ஏறியது, இரண்டாம் கியரில் லொறி முனகியது எல்லாம் அவர் உள்ளங்காலிலேயே இருந்தது. வெலிமடையிலிருந்து திரும்பிய வழியில் ஒரு நாளாவது, ஒரு பெட்டியாவது பாரம் இருந்ததா என்று யோசித்தார். இருபத்தேழு வருடத்தில் ஒரு நாளும் இல்லை.

திடீரென்று எழுந்தார். "அஸாம், உன்ட சைக்கிளத் தா."

அது மீன் பெட்டி கட்டுகிற பெரிய கரியருள்ள கனத்த சைக்கிள். அதில் ஏறிப் பாலத்தின் ஏறுவாயில் மிதித்துப் போனார். ஒன்றும் தெரியவில்லை. தரையில் போவதுபோலப் போனது. திரும்பி வந்து கடை வாசலில் ஒரு காலை ஊன்றினார்.

"ஸல்ஹா, வா. பின்னால ஏறு."

"உங்களுக்கு என்ன மூளை கலங்கிட்டா? பட்டப்பகலில, பாலத்துக்கு மேலால, இந்த வயசில! ஊர் சிரிக்கும்!"

"ஊர் சிரிக்கட்டும். கேள்வியக் கேட்டது நீதானே. விடையையும் வந்து பாரு."

ஸல்ஹா ஒரு கணம் யோசித்தாள். அவளுக்கும் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு மீன் கரியரில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஓட்டோக்காரன் ஒருவன் வேண்டுமென்றே ஹோர்ன் அடித்துக்கொண்டு போனான். ஸைனுலாப்தீன் மிதித்தார். இருபது முழம் போவதற்குள் தொடை இரண்டும் எரிந்தன. இன்னும் கொஞ்சத்தில் சைக்கிள் ஆடியது. "விழுத்திப் போடாதீங்க!" என்று ஸல்ஹா அவருடைய சேர்ட்டைப் பிடித்தாள். அவர் காலை ஊன்றி மூச்சு வாங்கினார்.

"அல்லாவே! இந்தப் பாலத்துக்கு ஏத்தம் இருக்கு!"

"எத்தின வருசமாப் போய் வாறீங்க" என்றாள் ஸல்ஹா கீழே இறங்கியபடி. அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. வெலிமடை ரோட்டில் நாளைக்குப் பின்னேரம், களைத்துப்போன ஜெயரூபியின் முழங்கால்தான் அவர் கண்ணில் நின்றது.

கைபேசியை எடுத்தவர் அதை இரண்டு தரம் திரும்பப் பைக்குள் போட்டார். எனக்குத் தெரியாது என்ற சொல்லை அவர் வழியைப் பற்றி ஒருநாளும் சொன்னதில்லை. நேற்றுவரை அதுதானே பெருமை? "எடுங்க, வெக்கத்தப் பாத்தா அந்தப் புள்ளட கால் என்ன ஆகும்?" என்றாள் ஸல்ஹா. எடுத்தார்.

"தங்கச்சி, நான் ஒரு பிழை விட்டுட்டன். வெலிமடை ரோட்டில நான் எப்பவும் வெறும் லொறியோடதான் வந்தநான். அது ஏத்தமா சமதரையா எண்டு எனக்குத் தெரியாது."

"போன் அப்பவே சொன்னது நானா. நீங்கள் சிரிச்சனீங்கள்" என்றாள் கஜந்தி. கோபம் இருந்தது, இல்லாமல் போகுமா?

"ஓம். சிரிச்சது பிழைதான். போன் சொன்னதுதான் சரி. மன்னிச்சுக் கொள்ளுங்க."

இந்தத் தரம் கஜந்தியின் குரல் இறங்கி வந்தது. "இப்ப என்ன செய்யிறது? ஜெயரூபி அக்கா கேட்டால் பயந்துபோவா. வட்டத்தையே விடுறதோ?"

ஸைனுலாப்தீன் கண்ணை மூடினார். பாரத்தோடு போன வழிகளை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். "விடாதீங்க. மத்தப் பக்கமாச் சுத்துங்க. விடிய வெலிமடைக்கு இறங்குங்க. கடைசித் துண்டு அப்புத்தளையில இருந்து பண்டாரவளை. அது இறக்கம், அதுக்கு நான் சத்தியம் பண்ணுவன். பாரத்தோட ஏறின ரோட்டு."

"நடுவில? வெலிமடையில இருந்து அப்புத்தளைக்கு ஏறவேணுமே?"

"அதில நான் பாரத்தோட இறங்கித்தான் இருக்கிறன், ஏறினதில்ல. ஆனா இறங்கக்குள்ள மூணு இடத்தில பிரேக் சூடாகி மணக்கும். அந்த மூணும்தான் உங்களுக்குப் பொல்லாத இடம். அந்த மூணு இடத்திலயும் ஜெயரூபி புள்ள இறங்கி உருட்டட்டும். மிச்சத்தில முழங்காலுக்கு ஒண்டும் வராது."

மூன்று இடத்தையும் சொன்னார். ஒரு பெரிய மாமரம், ஒரு சின்ன மதகு, பொரலந்தை தாண்டி ஒரு இரட்டை வளைவு. கஜந்தி எழுதினாள். இவரும் கடைக் கொப்பியின் பின் மட்டையில் எழுதிக்கொண்டார்.

ஞாயிறு முழுக்கக் கடையில் வழி சொல்லப்படவில்லை. யாரோ அனுராதபுரத்துக்குக் குறுக்குவழி கேட்டதற்குக்கூட, "பஸ்காரரக் கேளுங்க தம்பி" என்றுவிட்டார். ஸல்ஹாவே திடுக்கிட்டுப் பார்த்தாள். காலை ஒன்பது மணிக்குக் கஜந்தி போன் எடுத்து, "நானா, நீங்கள் சொன்ன சமதரையில நிக்கிறம். பிரேக்கை விட்டால் சைக்கிள் நிக்குதில்லை, அவ்வளவு இறக்கம்!" என்று கத்தினாள். "எத்தின வளைவு? மெல்ல எண்ணிச் சொல்லுங்க, எனக்கு அந்த ரோட்டுத் தெரியாது" என்று இவர் கேட்டுக் கேட்டு எழுதினார். பத்து மணிக்குப் பிறகு தொடர்பு இல்லை. பன்னிரண்டுக்கும் இல்லை, இரண்டுக்கும் இல்லை. அவர் பாலத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

நாலு மணிக்கு அழைப்பு வந்தது. கஜந்தி இல்லை, ஜெயரூபி. மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"நானா, அப்புத்தளைக்கு வந்திட்டம். இனி இறக்கம்தானே?"

"இனி இறக்கம்தான் மகள். கால்? கால் எப்பிடி?"

"கால் இருக்கு. மாமரத்தடியில இறங்கி உருட்டினனான். மதகடியிலயும் உருட்டினனான். நீங்கள் சொன்ன இடம்தான், ஒரு அடி பிசகேல்லை."

"மூணாவது? அந்த ரெட்டை வளைவு?"

"அதை ஏறிட்டன்."

ஸைனுலாப்தீனுக்குக் கண் கலங்கியது, தேறாத அந்த வலது கண்ணும் சேர்த்து. கொப்பியின் பின் மட்டையைத் திருப்பி, மூன்றாவது இடத்தைப் பேனையால் வெட்டிவிட்டார்.