கொடுக்காத அழைப்பாணை

நான் ஒரு பொய்யன். ஒரு பெண்ணின் வீட்டுக்குப் போய் அழைப்பாணையைக் கொடுத்தேன் என்று நீதிமன்றத்துக்கு எழுதிக் கையொப்பமிட்டேன். கொடுக்கவில்லை! அந்த வீட்டு வாசலைக்கூட அன்றைக்கு நான் மிதிக்கவில்லை.

அந்தப் பொய்யில்தான் இன்றைக்கும் என் வீட்டில் உலை கொதிக்கிறது. மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். மாதம் பிறந்தால் வங்கிக்கு வருகிற என் ஓய்வூதியத்தின் வேர் அங்கேதான் கிடக்கிறது.

சண்டை முடிந்து சனங்கள் முகாம்களிலிருந்து ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலம். வன்னியில் ஒரு நீதிமன்றத்தில், அழைப்பாணைகளைக் கொண்டுபோய் உரியவர்களிடம் சேர்க்கிற வேலை எனக்குக் கிடைத்தது. நிரந்தர வேலை அல்ல. வழக்குப் போட்டவர் ஒவ்வொரு அழைப்பாணைக்கும் கட்டணம் கட்டுவார். அதிலிருந்து எனக்கு வழிச்செலவு வரும். ஆனால் தாள் போய்ச் சேர்ந்தால்தான் வரும். வெறுங்கையோடு திரும்பினால் பெற்றோல் காசும் நட்டம், பெயரும் நட்டம்.

பதிவாளர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, நிரந்தரமாக்கிறதுக்கு உம்மடை பேரும் போகுது. 'குடுக்க முடியேல்லை' எண்டு கனக்க எழுதாதையும். நிரந்தரமானால்தான் பென்சன், விளங்குதோ?"

விளங்கியது. தேவைக்கு அதிகமாகவே விளங்கியது!

அந்த மாரிகாலத்தில்தான் முத்துமாரி என்ற பெண்ணுக்கான அழைப்பாணை என் கைக்கு வந்தது. மல்லாவிக்கு அப்பால், ஒரு குளத்தின் கீழே இருந்தாள். கலவரத்துக்குத் தப்பி மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். தகப்பன் காடு வெட்டித் திருத்திய காணி. சண்டையில் புருஷனை இழந்து, ஒரு மகளோடு அந்தக் காணிக்குத்தான் திரும்பி வந்திருந்தாள். அது தன்னுடையது என்று யாழ்ப்பாணத்தில் இருந்த ஒருவர் பழைய காணி உறுதிப் பத்திரம் ஒன்றைக் காட்டி வழக்குப் போட்டிருந்தார்.

நான் போனபோது குளம் நிரம்பி வான் பாய்ந்துகொண்டிருந்தது. பாதையில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். மோட்டார் சைக்கிளை ஓரமாக நிறுத்தினேன். உழவு இயந்திரத்தில் வந்த ஒருவன், "ஏறுங்கோ அண்ணை, அங்காலை கொண்டுபோய் விடுறன்" என்றான்.

"வேண்டாம் தம்பி, அவ்வளவு அவசரமில்லை" என்றேன்.

தண்ணீரா என்னைத் தடுத்தது? இல்லை... அது எங்கள் ஆட்களின் வீடாக இருந்திருந்தால் நீந்தியாவது போயிருப்பேன். தோட்டக்காட்டுச் சனம்தானே, அதுகளுக்குக் கோட்டு வழக்கு என்ன, கச்சேரி என்ன என்று என் மனம் சொன்னது. என் தகப்பனும் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் வந்து இறங்கியவர்தான். எங்கள் வயலுக்கு அரசாங்கம் பெர்மிட் கொடுத்தது, அவர்கள் காணிக்குக் கொடுக்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வித்தியாசத்தில்தான் எனக்கு எத்தனை மிதப்பு!

மல்லாவிக் கடையொன்றில் இருந்து அறிக்கையை எழுதினேன். "வீட்டில் ஒப்படைத்தேன். கையொப்பமிட மறுத்தார்."

அந்த இரண்டாவது வசனத்தை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தக் காலத்தில் வன்னியில் எவரும் எந்தத் தாளிலும் கையெழுத்து வைக்க மாட்டார்கள். நிவாரண அரிசி என்றாலும் பயம், பதிவு என்றாலும் பயம். கையெழுத்து வைத்தவர்கள் என்ன ஆனார்கள் என்று அவர்கள் கண்ணால் கண்டிருந்தார்கள். பட்ட சனத்தின் அந்தப் பயத்தை எடுத்து நான் என் பொய்க்குப் போர்வையாகப் போர்த்தினேன். அழைப்பாணையைக் கிழித்துப் போட்டேன்.

அவள் நீதிமன்றத்துக்கு வரவில்லை. எப்படி வருவாள்? வழக்கு ஒருதலையாகத் தீர்ந்தது. தீர்ப்பின் பிரதியையும் நான்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. அதையும் அதே மாதிரித்தான் 'ஒப்படைத்தேன்'. இரண்டாவதைக் கொடுத்தால் முதலாவது வெளியே வந்துவிடுமே!

பிறகு, வழக்குப் போட்டவருக்குக் காணியை மீட்டுக் கொடுக்கிற நாள். தீர்ப்பை நிறைவேற்றுகிற பிஸ்கால் அதிகாரியோடும் பொலிசாரோடும் நானும் போனேன். அன்றைக்குத்தான் முத்துமாரியை முதன்முதலாகப் பார்த்தேன். கூலி வேலைக்குப் போன இடத்திலிருந்து ஓடி வந்திருந்தாள்.

"ஐயா, எங்களுக்கு எந்தக் கடுதாசியும் வரலீங்களே! வந்திருந்தா கோர்ட்டுக்கு வந்து கால்ல விழுந்திருப்பேனே!"

பிஸ்கால் நேர்மையான மனிதர். என் பக்கம் திரும்பினார்.

"நீர்தானே குடுத்தது? வடிவாச் சொல்லும். கிடைக்கேல்லை எண்டால் அவா வழக்கைத் திரும்ப எடுக்கச் சொல்லிக் கேக்கலாம்."

ஒரேயொரு சொல்... 'இல்லை' என்ற ஒரு சொல்! அவளுடைய காணி அதில் தொங்கிக்கொண்டிருந்தது. என் நிரந்தர நியமனமும் அதில்தான் தொங்கியது.

"ஓம் ஐயா. வீட்டிலை குடுத்தனான்" என்றேன்.

மண்ணை அள்ளித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். தூற்றியிருந்தால் இத்தனை வருடமும் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. அவள் என்னை நம்பினாள்! மகளிடம் திரும்பினாள்.

"ஏண்டி, கவர்மெண்டு ஐயா பொய்யா சொல்லுவாரு? நான் வேலைக்குப் போனப்ப நீ வாங்கி வச்சியா? அதை வச்சு அடுப்பு மூட்டிட்டியா?"

"இல்லம்மா... சத்தியமா இல்லம்மா."

அடி விழுந்தது. கன்னத்தில், முதுகில். ஏழாம் வகுப்போ எட்டாம் வகுப்போ படித்த பிள்ளை. அடி வாங்கிக்கொண்டே என் வாயைப் பார்த்தாள். நான் தாள்களைச் சரிபார்ப்பதுபோலக் குனிந்து நின்றேன். கடைசியில் அவள், "எனக்கு ஞாபகம் இல்லம்மா" என்றாள். இல்லை என்பதிலிருந்து ஞாபகம் இல்லை என்பதற்கு அந்தப் பிள்ளையை இழுத்துப் போனவன் நான்தான்.

சில மாதங்களில் என் வேலை நிரந்தரமானது. மனைவி கோயிலில் பொங்கினாள். நானும் திருநீறு பூசிக்கொண்டு நின்றேன். வெட்கமில்லாத நெற்றி!

போன வருடம் ஓய்வு பெற்றேன். ஓய்வூதிய அலுவலாக வவுனியாவுக்குப் போய்வரும் வழியில், கனகராயன்குளத்தில் ஒரு தேநீர்க்கடையில் இறங்கினேன். தேநீர் ஆற்றியவள் என்னையே பார்த்தாள்.

"நீங்க கோர்ட்டு ஐயாதானே?"

அவள்தான். முத்துமாரியின் மகள். காணி போன பிறகு சொந்தக்காரர் வளவில் ஒண்டிக்கொண்டார்களாம். தாய் அங்கேயே இறந்துபோனாளாம்.

"சாகுறப்பவும் அம்மா அதைத்தான் சொன்னாங்க ஐயா. நீ அடுப்புல வைக்காம இருந்திருந்தா நம்ம காணி நம்மகிட்டதான் இருக்கும்னு." கோபம் ஒன்றும் இல்லை அவள் குரலில். "ரொம்ப நாளா யாருக்கிட்டயாவது கேக்கணும்னு இருந்தேன். அந்தக் கடுதாசி என்ன கலருங்க?"

என்ன சொல்வேன்? அழைப்பாணை வெறும் வெள்ளைத் தாள்தான். அந்தக் குடிசையில் யாரும் கண்டிருக்கவே முடியாத ஒரு நிறத்தைச் சொன்னால், அப்படி ஒரு தாளைக் கண்டதே இல்லை, தான் எதையும் எரிக்கவில்லை என்று அவளே தெளிந்துவிடுவாள் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்லாமலே அவளை விடுவித்துவிடலாமாம்... கோழையின் கெட்டித்தனத்தைப் பாருங்கள்!

"றோசா நிறம், பிள்ளை" என்றேன்.

அவள் நெடுநேரம் யோசித்தாள். பிறகு மெல்லத் தலையை ஆட்டினாள்.

"ஆமாங்க ஐயா. றோசாதான். இப்ப நல்லா ஞாபகம் வருது... ஓரம் சுருண்டு எரிஞ்சிச்சு. நான்தான் எரிச்சேன்."

சொல்லியிருக்க வேண்டும். அந்த இடத்திலேயே, நான் உட்கார்ந்திருந்த வாங்கிலிருந்து எழுந்து, இல்லைப் பிள்ளை, அப்படி ஒரு தாளே உன் வீட்டுக்கு வரவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் விசாரணை வரும், ஓய்வூதியம் நிற்கும் என்பது அந்தக் கணத்திலும் என் நினைவுக்கு வந்தது. வாயைத் திறந்தேன்.

"சீனி காணாது, பிள்ளை" என்றேன்.

இன்னொரு கரண்டி சீனி போட்டு, கலக்கித் தந்தாள். நான் அதைக் குடித்தேன்.

உங்களிடம் சொல்லிவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை. சொல்வேன் என்று சத்தியம் செய்யவும் எனக்கு வாய் வரவில்லை.