தேதி போடாத மனு

என் நாத்தனாரின் விண்ணப்பத்தை எழுதியது நான்தான். வீட்டில் பட்டம் வாங்கியவள் நான் ஒருத்தி என்பதால், ரேஷன் அட்டையில் பெயர் சேர்ப்பதிலிருந்து மகளின் தடுப்பூசி அட்டை வரை எல்லாக் காகிதங்களும் என் பொறுப்பு. கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கு அரசு மாத உதவித்தொகை தருகிறது என்று இ-சேவை மையத்துச் சுவரில் படித்துவிட்டு வந்து சொன்னதும் நான்தான். அக்கறையில் சொன்னேன் என்று அன்றைக்கு நம்பினேன். திருவொற்றியூரில் எங்களுக்கு ஓர் அறையும் ஒரு சமையல்கட்டும்தான். அறையில் நாங்கள் மூன்று பேர். சமையல்கட்டில் ஆறு வருடமாக நாத்தனார். தொகை வந்தால் பின் தெருவில் தனியாக ஓர் அறை பார்த்துக்கொள்வார் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டிருந்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை.

அவர் கணவர் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டியவர். குஜராத்துக்கு லோடு எடுத்துப் போனவர் திரும்பவில்லை. முதல் வருடம் ஏதேதோ எண்களிலிருந்து மூன்று முறை பேசினார். பிறகு அதுவும் நின்றுபோனது. நாத்தனார் தம்பி வீட்டுக்கு வந்துவிட்டார். விடியற்காலை இறால் உரிக்கும் கொட்டகைக்குப் போய், மதியத்துக்கு மேல் வீங்கிய விரல்களோடு வருவார்.

விண்ணப்பத்தில் எழுதியதை வாசித்துக் காட்டினேன்.

"கைவிட்டான்னு எழுதாத," என்றார். "வண்டிக்குப் போனவன் வரல. அவ்ளோதான். அத எழுது."

"அப்படி எழுதினா தர மாட்டாங்கக்கா."

"படிச்சவ எழுத்துன்னா ஒரு மரியாத இருக்கும்னு நெனச்சேன். கொழாயாண்ட நின்னு பேசறவளுங்க மாதிரியே எழுதிகீற."

ஆனாலும் கையெழுத்துப் போட்டார். எழுத்தென்று அவருக்குத் தெரிந்தது தன் பெயர் மட்டும்தான். கடைசி எழுத்துக்குக் கீழே ஒரு சுழி போடுவார்.

விசாரணைக்கு வருவார்கள், அக்கம்பக்கத்தில் கேட்பார்கள் என்று மையத்தில் சொல்லியிருந்தார்கள். யாரும் கேட்காததை நானாக யோசித்துப் பயப்படுவது என் வழக்கம். கைவிடப்பட்டவர் என்றால் பார்த்தாலும் அப்படித் தெரிய வேண்டாமா? தாலியைப் பற்றிப் பேச நா எழவில்லை. "மெட்டிய மட்டும் கழட்டிடுங்கக்கா" என்றேன். கால்விரல்களும் ஐஸ் தண்ணீரில் நின்று நின்று வீங்கியிருந்தன. சோப்புப் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு கழற்றினார். மெட்டி மஞ்சள்தூள் டப்பாவுக்குள் போனது.

விசாரணைக்கு வந்தவர் மரியாதையான மனிதர். சந்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். எதிர்வீட்டு அம்மாள் கேட்பதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"புள்ள இல்லன்னு வுட்டுட்டுப் பூட்டான் சார். இன்னொருத்திய வெச்சிகினு கீறானோ இன்னாவோ. இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கல. இது பாவம், தம்பி பொண்டாட்டி போடறதத் துன்னுகினு கெடக்குது."

அவர் எழுதிக்கொண்டார். நாத்தனார் சுவரில் சாய்ந்து, யாரைப் பற்றியோ சொல்லப்படுவதுபோல் கேட்டுக்கொண்டிருந்தார். குறுக்கே பேசலாமா என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அந்த அம்மாள் சொன்ன ஒவ்வொன்றும் விண்ணப்பத்துக்கு நல்லது.

எழுந்திருக்கும்போது அவர் கண் நாத்தனாரின் காலில் பட்டது. விரல்களில் வெள்ளையாக இரண்டு வளையத் தடம். "இப்பதான் கழட்டினீங்களாம்மா?"

"இவதான் சார் கழட்டச் சொன்னா. மெட்டி இருந்தா துட்டு வராதாம்."

எதிர்வீட்டு அம்மாள் சிரித்துவிட்டார். விசாரிக்க வந்தவர் சிரிக்கவில்லை. "மெட்டிக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. போட்டுக்கோங்க. இன்னொருத்தர் சாட்சி வேணும். வியாழக்கிழமை வர்றேன்."

அவர் தலை மறைந்ததும் நாத்தனார் மெட்டியை எடுத்து விரலில் திணித்தார். தோல் உரிந்தது. "அவன் வந்தா மொதல்ல என் காலத்தான் பாப்பான்" என்றார்.

"வந்தா நீ செருப்பத்தான் காட்டணும்" என்றார் எதிர்வீட்டு அம்மாள்.

புதன்கிழமை பதினோரு மணிக்கு நாத்தனாரின் கணவர் வந்தார்.

நாத்தனார் வேலைக்குப் போயிருந்தார். மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்ததும் அடையாளம் தெரிந்தது. தலை நரைத்திருந்தது. கையில் ஒரு பை கமலா ஆரஞ்சு. நான் முதலில் பார்த்தது அவர் முகத்தை அல்ல, எதிர்வீட்டுக் கதவை. அது சாத்தியிருந்தது. "உள்ள வாங்கண்ணே" என்று சட்டென உள்ளே இழுத்துக்கொண்டேன்.

"அவ கீறாளா தங்கச்சி?"

"வேலைக்குப் போயிருக்காங்க."

"காத்திவாக்கத்துல ஒரு ரூம் எடுத்துகீறேன். எட்டு மாசமா இங்கதான் கீறேன். மூஞ்சக் காட்டத் தைரியம் வரல. கூட்டினு போலாம்னு வந்தேன்."

எட்டு மாதம். பஸ்ஸில் ஏறினால் அரைமணி நேரம்.

நாளை வியாழக்கிழமை. அந்த நேரத்தில் என் புத்தியில் இருந்தது அது ஒன்றுதான். 'அடுத்த வாரம் வாங்கண்ணே' என்று சொல்லியிருக்கலாம். 'உட்காருங்க, ரெண்டு மணிக்கு வந்திடுவாங்க' என்று சொல்லியிருக்கலாம். தொகை வராமல் போயிருக்கும், வேறொன்றும் ஆகியிருக்காது. அவர் கூட்டிக்கொண்டு போயிருந்தால் நான் ஆசைப்பட்ட சமையல்கட்டு அன்றைக்கே காலியாகியிருக்கும். இதை எத்தனை தடவை யோசித்தும் எனக்குப் புரியவில்லை. பொய் எழுதியதாக ஆகிவிடுமே என்று பயந்தேனா, எழுதிய காகிதம் வீணாகக் கூடாது என்று நினைத்தேனா? நான் அலமாரியைத் திறந்து விண்ணப்பத்தின் நகலை எடுத்து அவரிடம் கொடுத்தேன்.

"அக்கா எழுதிக் குடுத்துட்டாங்கண்ணே."

அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். "கண-வனால்... கை-விடப்-பட்ட." அங்கேயே நின்றுவிட்டார். பிறகு தாளின் அடிப்பக்கத்தைப் பார்த்தார். கட்டைவிரலால் அந்தச் சுழியைத் தடவினார்.

"அவ கையெழுத்துதான். நான்தான் கத்துக் குடுத்தேன்."

'அந்த வார்த்தையை நான் எழுதினேன், எழுதாதே என்று அவர் சண்டை போட்டார்' என்று சொல்ல எனக்கு வாயிருந்தது.

"செரிம்மா. துட்டாவது வரட்டும்" என்று சொல்லித் தண்ணீர் கேட்டுக் குடித்தார். பின்பக்கம் சாக்கடையை ஒட்டி ஒரு வழி உண்டு. அதைக் காட்டினேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

மதியம் நாத்தனார் அவர் விட்டுப்போன பையிலிருந்து ஒரு பழத்தை உரித்து மகளுக்கு ஊட்டினார். "ஏது இது?"

"அண்ணாச்சி கடைல வாங்கினேன்."

"ஒரே புளிப்பு. உன் தலையில கட்டிட்டாரு."

மறுநாள் அண்ணாச்சிதான் சாட்சி சொன்னார். "அந்தாளு இங்க வந்து பாத்ததே இல்ல சார்" என்றார். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

இரண்டு மாதத்தில் ஆணை வந்தது. பின் தெருவில் அறை இருக்கிறது என்று மெல்ல ஆரம்பித்தேன்.

"எனக்கெதுக்குத் தனி ரூமு? அவன் வந்தா இங்கதான தேடுவான்," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அவன் வந்துட்டா இத நிறுத்திடுவாங்களா?"

"ஆமாக்கா."

"நிறுத்தட்டும். அதுக்கும் ஒரு மனு எழுதி வெச்சிரு. அன்னிக்கி உன்னத் தேடிகினு இருக்க முடியாது."

எழுதினேன். 'என் கணவர் திரும்பி வந்துவிட்டபடியால் இனி உதவித்தொகை தேவையில்லை என்று பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.' நல்ல கையெழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல். தேதிக்கு மட்டும் இடம் விட்டேன். கீழே தன் பெயரை எழுதிச் சுழி போட்டார்.

ஒருநாள் எண்ணூர் பஸ்ஸில் காத்திவாக்கம் வரை போனேன். இறங்கவில்லை. யாரிடம் விசாரிப்பது, கண்டுபிடித்தால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கையிலேயே பஸ் கிளம்பிவிட்டது.

இந்தப் போகிக்குப் பழைய காகிதங்களை எடுத்துப் போட்டேன். நாத்தனார் வந்து குவியலைக் கிளறி, படிக்கத் தெரியாமலே அந்தத் தாளைக் கண்டெடுத்தார்.

"இத எதுக்குடி வெளிய போட்ட? தேதி ஒண்ணுதான பாக்கி."

வாங்கி, மடித்து, மகளின் தடுப்பூசி அட்டைக்கு அடியில் வைத்தேன்.