ஒரு டப்பா, மூன்று பங்கு

டப்பாவை மூன்று விரல்களால் மெல்லச் சுழற்றுகிறார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளுகிறார். சட்டைப் பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்து எழுத்துகள்மேல் அடிக்கிறார். கடைக்குள் பட்டப்பகலாக விளக்கு எரிகிறது. ஆனாலும் டார்ச் அடித்துப் பார்த்தால்தான் என் அண்ணனுக்கு நம்பிக்கை வரும். "புரதம் ஒன்பது கிராம். நார்ச்சத்து எட்டு. இரும்புச்சத்து இருக்கு, பொட்டாசியம் இருக்கு. கொழுப்பு இல்லவே இல்ல, பாத்தியா?" என்கிறார். பார்த்தேன். போன வாரமும் பார்த்தேன், அதற்கு முந்தின வாரமும் பார்த்தேன். அதே கம்பெனி, அதே சிவப்பு பீன்ஸ், அதே ஒன்பது கிராம். எங்களுக்குப் பின்னால் தள்ளுவண்டியோடு ஓர் அம்மாள் வழிவிடச் சொல்லித் தொண்டையைச் செருமுகிறார். அண்ணன் அடுத்த டப்பாவை எடுக்கிறார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். இருபத்தாறு வருஷமாக லிஃப்ட் கூண்டுகளின் கூரைமேல் ஏறி நின்று, இருட்டில் கம்பி வடங்களைத் தடவிப் பார்த்தே பழகிய கை. அந்த வேலை அவருக்கு ஒரே ஒரு புத்தியைத்தான் கொடுத்திருக்கிறது: தகட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் சத்தியம். 'ஆறு பேர், 450 கிலோ' என்று போட்டிருந்தால் ஆறு பேர்தான். ஏழாவது ஆள் காலை வைத்தால் அண்ணனுடைய இடது கை வாசலுக்குக் குறுக்கே ரயில்வே கேட் மாதிரி நீண்டுவிடும். "ஒருத்தர் அதிகம். எறங்குங்க." விடுமுறை நாளா, யாருடைய கட்டடம், அதெல்லாம் அவருக்குப் பொருட்டில்லை. கர்ப்பிணிப் பெண் வந்தால் வேறு யாரையாவது இறக்குவார். எண்ணிக்கை மட்டும் மாறாது.

அண்ணி மகளின் பிரசவத்துக்குப் போய் நான்கு மாதமாகிறது. போகும்போது, "உங்க அண்ணனக் கொஞ்சம் பாத்துக்கோம்மா" என்று என் தலையில் கட்டிவிட்டுப் போனார். ஒரே கட்டடத்தில் நான் முதல் மாடி, அண்ணன் நான்காவது மாடி. தினம் ஒரு தூக்குப் பாத்திரத்தில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தேன். நான்காம் நாள் பாத்திரத்தைக் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். "நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா உன் சமையல்ல எவ்வளவு புரதம்னு எங்க எழுதியிருக்கு?" என்று கேட்டார். இப்படி ஒரு கேள்விக்கு என்ன பதில் சொல்வது? பாத்திரத்தின்மேல் எழுதி ஒட்டவா முடியும்?

அன்றிலிருந்து டப்பா பீன்ஸ்தான். மதியம் ஒரு டப்பா, சாயங்காலம் ஒரு டப்பா. சூடு பண்ணுவதுகூட இல்லை. மூடியைக் கிழித்து, கரண்டியால் அள்ளித் தின்றுவிட்டு, அடியில் கொழகொழவென்று நிற்கும் பழுப்புத் தண்ணீரை அண்ணாந்து குடிப்பார். கடைசிச் சொட்டுக்காக டப்பாவின் பின்புறத்தில் இரண்டு தட்டு. "சத்தெல்லாம் இந்தத் தண்ணியிலதான் எறங்கியிருக்கு. இதக் கொட்டுறவன் மாதிரி முட்டாள் உண்டா?"

குடித்துத் தொலைக்கட்டும் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் கூண்டின்மேல் ஏறி வேலை செய்கிறவர்களுக்கு அவருடைய கம்பெனியில் வருஷா வருஷம் ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். இந்த முறை 168, கீழே 104. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லி மூன்று வாரம் கெடு கொடுத்தார். அப்போதும் இறங்காவிட்டால் அண்ணனுக்கு இனிக் கூண்டு கிடையாது. சாமான் அறையில் மேஜை போட்டு உட்கார வைத்துவிடுவார்கள். அண்ணனுக்கு அதுதான் பயம். "அந்த நாற்காலியில உக்காந்தா ரெண்டே மாசத்துல நான் கெழவனாயிடுவேன்" என்று ஒருநாள் சொன்னார். மறுநாளே வீட்டிலிருந்த உப்பு ஜாடியை என் கையில் கொண்டுவந்து கொடுத்தார், ராஜ்யத்தைத் துறப்பவர் மாதிரி. கொடுத்துவிட்டு மேலே போய் ஒரு டப்பா தண்ணீரைக் குடித்தார்.

"ண்ணா, அந்தத் தண்ணி பூரா உப்பு!"

"இங்க பாரு. சோடியம் நானூறு மில்லிகிராம். ஒரு நாளைக்கு ரெண்டாயிரம் வரைக்கும் போலாம்னு டாக்டரே சொல்லியிருக்காரு. ரெண்டு டப்பாவுக்கு எண்ணூறு. என்ன கொறஞ்சுபோச்சு?"

"மச்சான் சொல்றதும் சரியாத்தானே இருக்கு?" என்றார் என் கணவர். அவரை யார் கேட்டார்கள்?

இப்படியே இரண்டு வாரம் ஓடிவிட்டது. மூன்றாவது சனிக்கிழமை நானும் அண்ணனும் கடைக்குப் போய்த் திரும்பினோம். ஆளுக்கு ஒரு பை, பைக்கு ஆறு டப்பா. லிஃப்டில் ஏற்கெனவே ஐந்து பேர். அண்ணன் ஏறினார். நானும் பின்னாலேயே காலை வைத்தேன். நீண்டது கை.

"ஒருத்தர் அதிகம். எறங்கு."

"ண்ணா, நான்தான்!"

"தங்கச்சின்னா எடை கொறஞ்சுடுமா? எறங்கும்மா."

தான் இறங்கலாமே என்று அந்த மண்டையில் உதிக்கவில்லை. கதவு மூடிக்கொண்டது. அவருடைய ஆறு டப்பாவைச் சுமந்துகொண்டு நான் நான்கு மாடி ஏறினேன். ஒவ்வொரு படிக்கும் ஒரு வசவு. மூன்றாவது மாடியில் மூச்சு வாங்கிப் பையைக் கீழே வைத்தேன். ஒரு டப்பா உருண்டு வந்து சுவரில் முட்டி நின்றது. அப்படி என்னதான் எழுதியிருக்கிறது என்ற ஆத்திரத்தில் எடுத்துப் படித்தேன். புரதம், நார்ச்சத்து, இரும்பு எல்லாம் அவர் ஒப்பிப்பது போலவே இருந்தன. அவற்றுக்கு மேலே, பொடி எழுத்தில் ஒரு வரி: 'கீழ்க்கண்ட அளவுகள் ஒரு பங்குக்கு. இந்த டப்பாவில் உள்ள பங்குகள்: 3.'

மீதி மாடியை எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை. அண்ணன் சமையலறையில் மூடியைக் கிழித்துக்கொண்டிருந்தார். என் கையிலிருந்த டப்பாவை அவர் முன்னால் வைத்தேன்.

"இந்தத் தகட்டுல எத்தன பேருன்னு போட்டிருக்கு?"

கண்ணாடி நெற்றிக்குப் போனது. டார்ச் வந்தது. வெகுநேரம் பார்த்தார்.

"மூணு."

"நீ எத்தன பேரு?"

அண்ணன் பையிலிருந்து இன்னொரு டப்பாவை எடுத்துப் பார்த்தார். பிறகு இன்னொன்று. எல்லாவற்றிலும் மூன்றுதான். அவர் உதடு அசைந்தது: நானூறு, மூணு, ரெண்டு டப்பா. காது மடல் சிவந்துபோயிற்று.

"ரெண்டாயிரத்து நானூறு" என்றார். அப்புறம், "இருபத்தாறு வருஷத்துல ஒரு லிஃப்டகூட நான் ஓவர்லோடுல ஓட விட்டதில்லம்மா" என்றார்.

எனக்கு அழுகையும் வந்தது, அந்த டப்பாவைத் தூக்கி அவர் தலையிலேயே போட வேண்டும் போலவும் இருந்தது. "பீன்ஸ் நல்லதுதான், யாரு இல்லேன்னா? அந்தத் தண்ணியக் கொட்டிட்டு, நல்லா அலசி, ஒரு பங்கு தின்னு. மத்ததுக்கு நான் செஞ்சு தர்றதத் தின்னு. உப்பில்லாம செய்யறேன், போதுமா?" என்று கத்தினேன்.

பரிசோதனைக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. அண்ணன் பீன்ஸை வடிகட்டியில் கொட்டினார். பழுப்புத் தண்ணீர் தொட்டியில் ஓடுவதைக் காசைத் தொலைத்தவர் போலப் பார்த்துக்கொண்டு நின்றார். குழாயைத் திறந்து மூன்று தடவை அலசினார். மூன்று கிண்ணங்களை எடுத்து, ஒவ்வொன்றாகக் கண்மட்டத்துக்குத் தூக்கிச் சரிபார்த்துப் பங்கு போட்டார். முதல் கிண்ணத்தோடு உட்கார்ந்தார். ஐந்தாறு வாயில் அது தீர்ந்துபோயிற்று.

கரண்டி பிடித்த வலது கை, பழக்கத்தில், இரண்டாவது கிண்ணத்தை நோக்கி நகர்ந்தது. உடனே அவருடைய இடது கை நீண்டு, மேஜைக்குக் குறுக்கே விறைப்பாக நின்றது.