பாதர் வரட்டும் என்றேன்

உபதேசியார் வேலை என்றால், பாதர் வராத மூன்று ஞாயிறும் பிரசங்கம் வைப்பது, அவர் வரும் நாலாவது ஞாயிறு மணி அடிப்பது. இந்தப் பிழைப்பில் மாட்டியவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். தொண்ணூறுகளின் கடைசியில், இலங்கையில் தெஹியோவிட்டப் பக்கம் ஒரு றப்பர் தோட்டத்து மாதா கோவிலில் நான் மாட்டியிருந்தேன்.

சத்திரத்துக் கூரை

மழை பெய்தால் றப்பர் பால் வெட்டு இல்லை, கோவில் நிறைந்துவிடும். அப்படி ஒரு நாள், கள்ளர் கையில் அடிபட்டு வழியில் கிடந்தவனின் கதையை எடுத்தேன். ஆதித் திருச்சபைப் பிதாக்கள், அதாவது அப்போஸ்தலர்களுக்குப் பின்னால் வந்த பழைய போதகர்கள், அதை எப்படி வாசித்தார்கள் என்று பயிற்சியில் படித்திருந்தேன். அடிபட்டவன் நாம், தூக்கிப் போனவர் இயேசு, கொண்டுபோய்ச் சேர்த்த சத்திரம் திருச்சபை. சொல்லச் சொல்ல எனக்கே கண் சொக்கியது. வெளியே மரங்கள் மழையில் கரைந்துபோயின. சத்திரத்து வாசலில் நானே நிற்பது போலிருந்தது. பால் வெட்டும் அருளப்பன் தலையைத் துடைத்தபடி எழுந்தார்.

"சத்திரம் நல்லாத்தாங்க ஐயா இருக்கு, கூரைதான் ஒழுகுது."

ரோடு போட்டவன்

த்ரீவீல் ஓட்டும் ஜோசப் வேதத்தை மடியில் வைத்துக்கொண்டே ஓட்டுவான். "புத்தகத்துல இருக்கிறத மட்டும் பேசுவோம் ஐயா" என்பான். ஒரு நாள் தெரணியகலைக்குப் போகிறோம். பனி இறங்கி, பத்தடிக்கு மேல் உலகமே இல்லை. அப்போஸ்தலர்கள் பேரில் வந்த கடிதங்களில் எது வேதம், எது வேதமில்லை என்று பிரித்துத் தந்ததே அந்தப் பழைய பிதாக்கள்தான், அவர்களைக் கேட்காமல் ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொண்டால் வழி தவறிவிடும் என்றேன். எதிரே வந்த லொறிக்கு ஒதுங்கி நின்றான்.

"சரிதான் ஐயா. ஆனா ரோடு போட்டவன கேட்டுக்கிட்டா நான் வண்டி ஓட்டுறேன்?"

ஒரு வரி

ஜோசப்பின் மனைவி செல்வி கைக்குழந்தையோடு வந்து, ஞானஸ்நானம் கொடுக்கச் சொல்லி என்னிடம் கேட்டாள். குழந்தைக்கு லேசாகக் காய்ச்சல். அவசரமென்றால் உபதேசியாரே தண்ணீர் ஊற்றி அதைக் கொடுக்கலாம். நானோ, "பாதர் வரட்டும்மா, வெள்ளச் சட்ட போட்டு, போட்டோ எடுத்து, மொறையா செய்வோம்" என்று அனுப்பிவிட்டேன். தோட்டத்தில் எங்கள் வழக்கமே அதுதான். மூன்றாம் நாள், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே குழந்தை போய்விட்டது.

அடக்கத்துக்குப் பிறகு, தண்ணீரால் பிறக்காதவன் பரலோகம் போக முடியாது என்ற வரியை ஜோசப் வாசித்துக் காட்டியிருக்கிறான். செல்வி சாப்பாட்டை விட்டுவிட்டாள். அவர்கள் இருந்த லயத்து வீட்டுக்குப் போனேன். "எம்புள்ள எங்கங்க ஐயா?" என்றாள். அந்த வரியைப் பிதாக்களும் படித்தவர்கள்தான், ஆனாலும் ஞானஸ்நானத்துக்குக் காத்திருந்து செத்தவர்களை அவர்கள் வெளியே தள்ளவில்லை, அந்த ஆசையையே ஞானஸ்நானமாக எடுத்துக்கொண்டார்கள் என்றேன். "புள்ளைக்கு ஆசப்படத் தெரியாதுங்களே" என்றாள். "கைப்புள்ளைக்குத் தாயோட விசுவாசத்த வச்சித்தானேம்மா தண்ணி ஊத்துறோம்? அப்ப ஆசையும் ஒன்னோடதுதான்." இந்தக் கடைசிப் படி பிதாக்கள் வைத்ததல்ல, நான் வைத்தது. ஆனால் நம்பித்தான் சொன்னேன்.

ஜோசப் புத்தகத்தை மூடினான். செல்வி ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்துக் குடித்தாள்.

"புள்ள ஆண்டவர்கிட்ட இருக்குன்னு நம்புறேன், அதுக்கு இனி அழமாட்டேன். ஒங்கள நெனச்சாத்தான் இன்னும் கோவம் வருதுங்க ஐயா."

பழைய பிதாக்கள் யார் யாருக்கோ வழி சொல்லி வைத்திருக்கிறார்கள், நாள் தள்ளிப்போட்ட உபதேசியாருக்கு என்ன சொன்னார்கள் என்றுதான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.