ஒரகடத்துக்குக் கை தூக்கப் போனேன்

ஆயுத பூஜையன்று காலை 8.10க்குத் தாம்பரம் மேற்கில் நின்றேன். அங்கிருந்து ஒரகடம் இருபத்தைந்து கிலோமீட்டருக்குள்தான் இருக்கும். மூன்று பேருந்துகள் வந்து போயின. மூன்றின் முன்கண்ணாடியிலும் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். இலை சரியாக ஊர்ப்பெயர் மேலேயே விழுந்திருந்தது. "ஒரகடம் போகுமா?" என்று கேட்டதற்கு ஒரு நடத்துனர் தலையாட்டிய விதத்தில் ஆமாவும் இல்லையும் சரிபாதியாக இருந்தன. 8.50க்கு வந்த நான்காவதில் ஏறினேன். டிக்கெட் இருபத்தெட்டு ரூபாய். இருக்கை இல்லை. கால் வைக்க வேண்டிய இடத்தில் யாரோ பொரி மூட்டையை வைத்திருந்தார்கள்.

எனக்கு ஐம்பத்து நான்கு வயது. பண்டிகை நாளில் வீட்டில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட வேண்டிய மனிதன் நான். ஆனால் அன்று நான் புறப்பட்டது, ஒரு கூட்டத்தின் கடைசியில் நின்று என் வலது கையைத் தூக்குவதற்காக. படிப்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். முடிச்சூர் தாண்டுவதற்குள் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

விஷயம் இதுதான். கல்லூரி நாட்களில் என் நண்பன் சேகர் எலக்ட்ரிக் கிதார் வாசித்தான். நான்கு பேர் சேர்ந்து சென்னைக் கல்லூரி மைதானங்களில் ராக் கச்சேரி செய்தார்கள். இப்போதைய கச்சேரிகளை மனதில் வைத்துக்கொண்டு அதைக் கற்பனை செய்யாதீர்கள். சவுக்குக் கம்பு மேடை, நான்கு டியூப்லைட், கல்யாண வீடுகளுக்குப் போகும் சவுண்ட் சர்வீஸ்காரர், வேப்ப மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர். கூட்டத்தில் பாதிப் பேர், அடுத்து வரவிருந்த சினிமாப் பாட்டுக் குழுவுக்காக முன்கூட்டியே இடம் பிடித்தவர்கள். "இறங்குங்கடா, சினிமாப் பாட்டு போடுங்க!" என்று கத்துவார்கள். மேடையில் இருப்பவனுக்குத் தன் சத்தம் எப்படிப் போய்ச் சேருகிறது என்று தெரியவே தெரியாது. அதற்குத்தான் நான். எனக்கு ஒரு வாத்தியமும் வராது. ஆனால் காது உண்டு, குறை சொல்லத் தெரியும். கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று சேகருக்குக் கை காட்டுவேன். உள்ளங்கையை மேலே தூக்கினால் இன்னும் சத்தம் வேண்டும். கீழே அமுக்கினால் குறை. விரலைத் திருகினால் இரைகிறது, சரிசெய். முஷ்டியை உயர்த்தினால் எல்லாம் சரி, அப்படியே வாசி. நான்கு வருடத்தில் நான் முஷ்டி உயர்த்தியது இரண்டே தடவை. முதல் பாட்டில் ஒருமுறைகூட இல்லை.

"இந்தச் சத்தத்துல உனக்குக் காது போயிடும்" என்று சேகரின் அம்மா திட்டிக்கொண்டே இருப்பார். காது போயும் விட்டது. ஆனால் கச்சேரியால் அல்ல. இரும்புத் தகட்டை அடித்து வளைக்கும் பிரஸ் மெஷின்கள் நடுவே இருபத்தாறு வருடம் மெயின்டனன்ஸ் வேலை; அதில் முதல் பத்து வருடம், எங்கெங்கோ சின்னப் பட்டறைகளில், காதில் பஞ்சுகூட வைத்துக்கொள்ளாத வீராப்பு. போன மாதம் சேகர் தொலைபேசியில் கத்தினான். இப்போதெல்லாம் எதையும் கத்தித்தான் சொல்கிறான்.

"இடது காது போச்சுடா. வலது பாதி. அதுவும் ரொம்ப நாள் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதுக்குள்ள ஒரு தடவை வாசிக்கணும். பூஜை அன்னிக்குக் கம்பெனியில பாட்டு, டான்ஸ் எல்லாம் வைப்பாங்க, பேர் கொடுத்துட்டேன். ஆனா என்ன சத்தம் வருதுன்னு எனக்கே தெரியாதேடா. நீ வந்து பின்னாடி நில்லு."

எப்படி மறுப்பது? பொரி மூட்டைக்குப் பக்கத்தில் ஒற்றைக் காலில் நின்றபடி படப்பை, செரப்பனஞ்சேரி எல்லாம் தாண்டினேன்.

9.55. ஒரகடம் கூட்டுச்சாலை. இருபத்துச் சொச்சம் கிலோமீட்டருக்கு ஒரு மணி ஐந்து நிமிடம். பாலத்துக்குக் கீழே டிரெய்லர் லாரிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் நகர்வேன் என்றது. வல்லம் வடகால் தொழிற்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ பிடித்தேன். கம்பெனி பெயரைச் சொன்னேன்.

"பேரு இன்னாத்துக்கு சார்? கேட்டு நம்பர் சொல்லு" என்றார் ஓட்டுநர்.

"நம்பர் தெரியாதுங்க. பெரிய நீல மதில்னு சொன்னான்."

"இங்க எல்லா மதிலும் நீலந்தான் சார். சரி குந்து, பாத்துக்கலாம்."

பார்த்துக்கொண்ட லட்சணம், முப்பது ரூபாய் வாங்கிக்கொண்டு என்னைச் சரக்கு வாசலில் இறக்கிவிட்டார். ஆட்கள் போகும் வாசல் மதிலைச் சுற்றி ஒன்றரைக் கிலோமீட்டர். நடந்தேன். வழியில் ஒரு ஏரி, அதில் இரண்டு எருமைகள் கழுத்தளவு நீரில் நிம்மதியாக இருந்தன. அந்த நேரத்தில் அவற்றின் மேல் எனக்கு வந்த பொறாமையை எழுத்தில் வடிக்க முடியாது.

10.40. வாசலில் என் போன் கேமராவுக்கு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். ஏழாம் நம்பர் காலுக்குப் பத்தாம் நம்பர் பாதுகாப்புக் காலணி தந்தார்கள். கடைசியாக, காதில் செருக ஆரஞ்சு நிறத்தில் இரண்டு அடைப்பான்கள்.

"நான் கச்சேரி கேட்க வந்திருக்கேங்க."

"காதுல வச்சிகினு கேளுங்க சார். ரூல்ஸு" என்றார் காவலாளி.

"இன்னிக்கு மெஷினே ஓடலையே?"

"ரூல்ஸு ஓடுதே சார்."

பிரஸ் ஷாப்பில் பூஜை முடிந்து கற்பூர வாசனை மட்டும் மிச்சம் இருந்தது. இரண்டு மாடி உயரத்துக்கு நின்ற பிரஸ்களுக்கெல்லாம் மாலை. சேகர் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொள்வான் என்று நினைத்திருந்தேன். அவன் சாமி படத்துக்கு முன்னால் கைகட்டி, பேயறைந்த முகத்தோடு நின்றுகொண்டிருந்தான். அவன் பார்த்த திசையில் நானும் பார்த்தேன்.

ஸ்பானர்கள், துளைக்கருவிகள், அளவுகோல்கள் வரிசைக்கு நடுவில் அவனுடைய கிதார் படுத்திருந்தது. உடம்பெங்கும் சந்தனம். கம்பிகளுக்கு அடியில் சத்தத்தை வாங்கும் இடத்தில் மூன்று பட்டையாக விபூதி. ஆறு திருகாணிகளுக்கும் தனித்தனியாகக் குங்குமப் பொட்டு. பக்கத்தில் ஆம்ப்ளிஃபயர், அதன் தலையில் ஒரு தேங்காய் மூடி.

காலையில் வந்ததும் சேகர் இரண்டையும் பத்திரமாக வைக்கச் சொல்லி மூத்த ஆபரேட்டர் ஏழுமலையிடம் கொடுத்திருக்கிறான். ஏழுமலைக்குத் தெரிந்த பத்திரமான இடம் சாமி காலடிதான். அலங்காரம் செய்தது தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே விடுதியில் தங்கி வேலை செய்யும் மாரிச்செல்வி. அந்தப் பெண் பெருமையாகவே சொன்னாள்: "ஒரு கம்பிகூட விடலை சார். எல்லாத்துக்கும் பொட்டு வச்சிருக்கேம்லா."

"ரொம்ப நல்லதும்மா. இப்ப எடுத்துக்கலாமா? பதினொன்றரைக்கு இவர் வாசிக்கணும்" என்றேன்.

பிரஸ் ஷாப் முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

"பூஜையில வச்சத இன்னிக்குத் தொடக்கூடாது சார்" என்றார் ஏழுமலை. "நாளைக்கு நல்ல நேரத்துல எடுத்தாதான் உண்டு."

"ஐயா, அது ஸ்பானர் இல்லை. கிதார்."

"சாருக்கு அதானே ஆயுதம்?"

நான் குரலை உயர்த்தினேன். முப்பது வருடத்துக்குப் பிறகு ஒரே ஒரு நாள் என்றேன், ஒரு மணி நேரம் பொரி மூட்டையோடு குடித்தனம் நடத்தி வந்திருக்கிறேன் என்றேன். ஏழுமலை இடது கையை விரித்துக் காட்டினார். ஆள்காட்டி விரல் பாதிதான் இருந்தது.

"முன்ன வேற எடத்துல இருந்தேன் சார். பூஜை அன்னிக்கே அர்ஜென்ட்டுனு மெசினை ஓட்டச் சொன்னாங்க. ஓட்டினேன்" என்றார். "நீ நம்பலைன்னா போவட்டும். இங்க நாப்பது பேரு நாளைக்கு அந்த பிரஸ்ஸுக்குள்ள கை உடணும். அவங்க மனசு கெட்டுப்போவக் கூடாது."

சேகர் என் தோளைத் தொட்டு வேண்டாம் என்று தலையசைத்தான். பதினொன்றரைக்கு அவனுடைய நேரத்தில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவினர் மேடையேறி, போனில் இசையை ஓடவிட்டு, சினிமாப் பாட்டுப் பாடினார்கள். கைதட்டல் கூரையைப் பிளந்தது. முப்பது வருடம் கழித்தும் அவர்களே ஜெயித்தார்கள். நான் ஆரஞ்சு அடைப்பான்களைக் காதில் செருகிக்கொண்டேன். அன்று அவை எனக்குச் செய்த ஒரே உபகாரம் அது.

நாளை காலை வரை இரு என்றான் சேகர். எனக்கு மாற்றுச் சட்டை இல்லை, ரத்த அழுத்த மாத்திரை இல்லை, பொறுமை சுத்தமாக இல்லை. ஆனாலும் மறைமலை நகரில் அவன் வீட்டில் தங்கினேன். கொசுக்கள் என்னைத் தனியாக வரவேற்றன.

மறுநாள், 6.20. கம்பெனிப் பேருந்து. பக்கத்தில் இருந்தவர் என் தோளை இரவல் கேட்காமலே எடுத்துக்கொண்டு தூங்கினார். 7.30க்கு நல்ல நேரம் என்று குறித்திருந்தார்கள். எட்டு மணிக்கு ஷிஃப்ட். ஆக, என் நண்பனுக்குக் கிடைத்தது அரை மணி நேரம்.

கற்பூரம் காட்டி, ஏழுமலையே கிதாரை எடுத்து இரண்டு கையாலும் சேகரிடம் கொடுத்தார். ஷிஃப்டுக்கு வந்தவர்கள் நாற்பது பேர் சுற்றி நின்றார்கள். நான் எல்லோருக்கும் பின்னால், கடைசிப் பிரஸ் பக்கம் போய் நின்று காதடைப்பான்களைக் கழற்றினேன். கூட்டத்தோடு வந்திருந்த வாசல் காவலாளி முறைத்தார். நானும் முறைத்தேன்.

சேகர் வாசித்தான். ஐயோ, அந்தச் சத்தம்! நல்லெண்ணெயில் அப்பளம் பொரிகிற மாதிரி ஒரே கரகரப்பு. சந்தனமும் விபூதியும் உள்ளே இறங்கி அத்தனையும் நாசம். அவனுக்கு எதுவும் தெரியவில்லை. கண்களை மூடி, முகமெல்லாம் சிரிப்பாக வாசித்துக்கொண்டிருந்தான். பிறகு கண்ணைத் திறந்து, தலைகளுக்கு மேலாக என்னைத் தேடினான்.

இதுதான் கடைசித் தடவையாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. முஷ்டியை உயர்த்தினேன்.

சேகர் வாசிப்பதை நிறுத்திவிட்டான்.

"டேய்!" என்று அங்கிருந்து கத்தினான். "நீ என்னிக்குடா முதல் பாட்டுல முஷ்டி காட்டின? பொய் சொல்றதுக்கு எனக்கு இங்கயே ஆள் இருக்கு. உன்னைக் கூப்பிட்டது எதுக்கு?"

நாற்பது பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் முஷ்டியை இறக்கி, விரலைத் திருகு திருகென்று திருகினேன்.

"அப்படிக் காட்டு!" என்றான்.

"என்ன சார், இரையுதா?" என்று கேட்ட மாரிச்செல்வி, ஒரு நொடியில் புரிந்துகொண்டு நாக்கைக் கடித்தாள். மெஷினைச் சுத்தம் செய்யும் காற்றுத் துப்பாக்கியை இழுத்து வந்தாள். கம்பிக்கு அடியில், திருகாணிகளில், ஒயர் சொருகும் ஓட்டையில் எல்லாம் காற்றை அடித்து, துணியால் ஒற்றி எடுத்தாள். குங்குமம் பறந்து சேகரின் சட்டையெல்லாம் சிவப்பு. அவன் மறுபடி வாசித்தான். நான் திருகினேன். இன்னொரு தடவை காற்று. வாசித்தான். அமுக்கினேன், குறைத்தான். எத்தனை வருடக் கோபமோ, குறை மேல் குறையாகச் சொல்லித் தீர்த்தேன். ஒவ்வொன்றுக்கும் அவன் முகம் மலர்ந்துகொண்டே போனது.

7.56க்குச் சத்தம் சுத்தமாக வந்தது. பழைய மைதானத்தில் ஒருநாளும் அப்படி வந்ததில்லை. ஏழுமலை பாதி விரலால் பிரஸ்ஸின் மேல் தாளம் தட்டிக்கொண்டிருந்தார். என் முஷ்டி தானாக மடங்கியது.

தூக்குவதற்குள் ஷிஃப்ட் சங்கு ஊதியது. ஆட்கள் கலைந்து அவரவர் இடத்துக்குப் போனார்கள். முதல் பிரஸ் இறங்கியது, தரை அதிர்ந்தது. இரண்டாவது, மூன்றாவது. சேகர் வாசிப்பதை நிறுத்தவில்லை. அவன் விரல்கள் ஓடுவது தெரிந்தது, ஆனால் ஒரு சுரம்கூட என் காதுக்கு வரவில்லை. அவனுக்கும் கேட்டிருக்காது. அவன் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

பொய் சொல்லக்கூடாது என்று சொல்லியாகிவிட்டதே. முஷ்டியைப் பிரித்து, உள்ளங்கையை மேலே தூக்கினேன். இன்னும். அவன் ஆம்ப்ளிஃபயரின் திருகை ஒரு சுற்றுத் திருப்பினான். கேட்கவில்லை. இன்னும். இன்னொரு சுற்று. கண் கலங்கி அவன் உருவமே மங்கலாகத் தெரிந்தது. கையை மட்டும் இறக்கவில்லை. காவலாளி வந்து என் தோளைத் தட்டிக் காதடைப்பானை நீட்டிப் போடச் சொன்னார். இடது கையால் வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். வலது கை மேலேயே இருந்தது.

9.40க்கு ஒரகடத்தில் தாம்பரம் பேருந்து பிடித்தேன். உட்கார இடம் கிடைத்தது. வலது தோள்பட்டை விண்விண்ணென்று வலித்தது.