சிவப்புக் கட்டத்தோடு சண்டை போட டெல்லி போன கதை

நவம்பர் கடைசி வாரத்தில், யாரும் கூப்பிடாமலேயே, நான் டெல்லிக்குப் போய்விட்டு வந்தேன். குளிர்காலத்தில் அந்தப் பக்கம் போகத் திட்டமிடுகிறவர்களுக்கு உதவட்டும் என்று நேரம், செலவு, தூரம் எல்லாவற்றையும் குறித்து வைத்திருக்கிறேன். ஆனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது ஊர் சுற்றப் போன பயணம் இல்லை. ஒரு மென்பொருளோடு சண்டை போடப் போன பயணம்.

என் தங்கை செல்வி டெல்லியில் மத்திய அரசு மருத்துவமனை ஒன்றில் நர்ஸ். கிட்வாய் நகர் அரசுக் குடியிருப்பில் வீடு. மாப்பிள்ளைக்கு எல்லைக் காவல் வேலை, இப்போது திரிபுராவில். ஒரே மகள் யாழினி பத்தாம் வகுப்பு. டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். பள்ளியில் தமிழை ஒரு பாடமாகப் படிக்கிறாள். பேசினால் பாதி இந்தி வரும், எழுத உட்கார்ந்தால் பேனாவே வராது. அவளுக்கு ஒரு கட்டுரை கொடுத்தார்கள்: ‘புதிய தொழில்நுட்பம் என் படிப்பையும் அன்றாட வாழ்க்கையையும் எப்படி மாற்றும்?’ தமிழ் உள்மதிப்பீட்டின் இருபது மதிப்பெண்ணும் அதற்குத்தான். கையால் எழுதி, படம் எடுத்து, ‘சரியா இருக்கா மாமா?’ என்று எனக்கு அனுப்பினாள். நான் மதுரையில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். கல்யாணப் பத்திரிகை முதல் கோயில் நோட்டீஸ் வரை எதைப் பார்த்தாலும் விரல் துறுதுறுக்கும். லேசாகத் திருத்தி, கணினியில் அடித்து, திருப்பி அனுப்பினேன். லேசாகத்தான்.

அந்தப் பள்ளியில் இப்போது கட்டுரைகளை ஒரு மென்பொருளில் போட்டுப் பார்க்கிறார்களாம். அது யாழினியின் கட்டுரையைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் போட்டு, ‘மாணவர் எழுதியதல்ல, இயந்திரம் எழுதியது’ என்று சொல்லிவிட்டது. வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குப் பெற்றோர் வந்து விளக்கம் சொல்ல வேண்டும். விளக்கம் சரியில்லை என்றால் இருபதுக்குப் பூஜ்யம். ஏமாற்றினாள் என்று முதல்வரின் கோப்பிலும் ஏறும். புதன்கிழமை மதியம் செல்வி இதைப் போனில் சொன்னபோது எனக்கு ரத்தம் கொதித்தது.

“நீ எதுக்குண்ணே வர்ற? நானே பேசிக்கிறேன்,” என்றாள்.

“உனக்கு ஒண்ணும் தெரியாது. மெஷின் தப்புப் பண்ணியிருக்கு. நேர்ல உக்காந்து நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கணும்.”

“அவ வேற ஒரு வாரமா வாயே தொறக்க மாட்டேங்கிறா,” என்று பெருமூச்சு விட்டாள். அதை அப்போதே யோசித்திருக்க வேண்டும். நான் டிக்கெட் தேடிக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை காலை 6.25 விமானம், மதுரையிலிருந்து சென்னை வழியாக. ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். கடைசி நேரம் என்பதால் போக மட்டும் 9,870 ரூபாய். ஒரு மாதம் முன்னால் எடுத்தால் பாதிக்கும் குறைவு, நீங்கள் அப்படி எடுங்கள். விமான நிலையத்தில் முகத்தைக் காட்டினால் தானாகத் திறக்கிற கதவு இருக்கிறது. எனக்குத் திறக்கவில்லை. அடையாள அட்டையில் இருப்பது பதினைந்து வருடத்துக்கு முந்தைய, தலை நிறைய முடியோடு இருக்கிற நான். மூன்று முறை முகத்தைக் காட்டிய பிறகு காவலர் வந்து, அட்டையையும் என் தலையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “இந்தப் பக்கம் வாங்க சார்,” என்று சாதாரண வரிசையில் விட்டார். இயந்திரங்கள் மேல் எனக்கிருந்த கடுப்பு அங்கேயே இரண்டு மடங்கானது.

11.35-க்கு டெல்லி. இறங்கியதும் தொண்டை கரகரத்தது. வெளியே வெயிலா, மேகமா, புகையா என்று சொல்ல முடியாத ஒரு சாம்பல் நிறம். டாக்சி நானூற்றுச் சொச்சம் கேட்டார்கள். நான் மெட்ரோவில் போனேன். விமான நிலைய ரயிலில் தௌலா குவான் வரை, அங்கிருந்து நீண்ட நடைமேம்பாலத்தைக் கடந்து பிங்க் லைனில் ஐ.என்.ஏ. வரை. எனக்கு ஆன செலவு மொத்தம் 86 ரூபாய், நேரம் ஐம்பது நிமிடம். பெட்டி பெரிதாக இருந்தால் இந்த வழி வேண்டாம், மேம்பாலத்தில் கை விட்டுப்போகும்.

ஐ.என்.ஏ.விலிருந்து வீடு ஒன்றரை கிலோமீட்டர். ஆட்டோக்காரர் எண்பது கேட்டார். அநியாயம்தான், ஆனால் எனக்குப் பேரம் பேசத் தொண்டை இல்லை. வீட்டு வாசலில் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினேன், சில்லறை இல்லை என்றார். ஆட்டோவில் ஒட்டியிருந்த க்யூஆர் கட்டத்தை என் போனால் ஸ்கேன் செய்யப் போனால், “பையா, பைசா வந்ததான்னு எனக்குத் தெரியாதே,” என்று இந்தியில் சிரித்தார். போன் வீட்டில் மகளிடம் இருக்கிறதாம். “ஸ்கூல் பந்த் ஹை நா சாப். பொல்யூஷன். எல்லாம் ஆன்லைன்.”

எனக்குப் பகீரென்றது. ஸ்கூல் பந்த்? பள்ளியே மூடலா?

பணத்தை அனுப்பினேன். அவர் என் போனை வாங்கி மகளைக் கூப்பிட்டார். அந்தப் பெண் மெல்லிய குரலில் சீறினாள். “பாப்பா, கிளாஸ் சல் ரஹீ ஹை!” வகுப்பு நடக்கும்போது கூப்பிடுகிறீர்களே என்று அப்பாவுக்குத் திட்டு. பிறகு, “ஆ கயே, அஸ்ஸி,” என்று எண்பது வந்ததை உறுதி செய்துவிட்டு வைத்துவிட்டாள். வீட்டுக்கு ஒரே போன். அதில் அவள் படிக்க வேண்டும், அப்பாவின் வசூலையும் பார்க்க வேண்டும். அவர் அதைப் பெருமையாகச் சொன்னார். எனக்குத்தான் எரிச்சலாக இருந்தது.

செல்வி கதவைத் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி, “மெசேஜ் பாக்கலையாண்ணே?” காலை 8.50-க்கு அனுப்பியிருக்கிறாள், நான் வானத்தில் இருந்தபோது. காற்று மோசம், இன்று முதல் பள்ளி மூடல், வெள்ளிக்கிழமைக் கூட்டம் வீடியோவில் நடக்கும். விமானத்தில் அணைத்த போனை நான் ஆட்டோவில் பணம் அனுப்பத்தான் உயிர்ப்பித்தேன், செய்தி எதையும் பார்க்கவில்லை. அதாவது மதுரையில் என் கட்டிலில் சாய்ந்தபடியே பேசியிருக்கக்கூடிய ஒரு கூட்டத்துக்கு நான் 2,180 கிலோமீட்டர் பறந்து வந்திருக்கிறேன். தலையில் அடித்துக்கொண்டேன்.

யாழினி சாப்பாட்டு மேசையில் போனைத் தண்ணீர்ப் பாட்டிலில் சாய்த்து வைத்து வேதியியல் வகுப்பில் இருந்தாள். திரையில் முப்பது கட்டங்கள், இருபத்தெட்டு இருட்டு. வகுப்பு முடிந்ததும், புரியாத சமன்பாட்டை இன்னொரு செயலியிடம் இந்தியில் கேட்டாள். அது பொறுமையாக மூன்று விதமாகச் சொல்லிக் கொடுத்தது. மூன்றாவது முறை, “அச்சா!” என்று குறித்துக்கொண்டாள். நான் பார்ப்பதைக் கண்டதும் முகம் மாறியது. “மாமா, நீங்க ஏன் வந்தீங்க? டென்ஷன் எடுக்காதீங்க.” அவள் கண்ணைப் பார்த்தேன், அழுது வீங்கியிருந்தது. நாளைக்கு அந்த மென்பொருளை ஒரு வழி பண்ணிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவள் சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை.

வெள்ளி காலை பதினொன்று. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு மேசையில் உட்கார்ந்தேன். ஒரு பக்கம் செல்வி, ஒரு பக்கம் யாழினி. திரையில் தமிழாசிரியை ஜெசிந்தா, தூத்துக்குடிக்காரர். வணக்கம் சொல்லிவிட்டுத் தயார் செய்த உரையை ஆரம்பித்தேன். ஒரு குழந்தையின் உழைப்பை இயந்திரம் எப்படி அளக்கும், தமிழின் அழகு அதற்கு எப்படித் தெரியும், எல்லாம். நான்கு நிமிடம் கழித்து ஆசிரியை கையை ஆட்டினார். என் மைக்கை நான் திறக்கவே இல்லை.

மறுபடி ஆரம்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். “மதுரையிலேர்ந்து இதுக்காகவா சார் வந்திருக்கீங்க?” என்றார் பாவமாக. “அந்த சாஃப்ட்வேர் சொல்றத நான் அப்படியே நம்பல சார். போன வாரம் என் லீவ் லெட்டரையே மெஷின் எழுதினதுன்னு சொல்லிச்சு. நான் யாழினிகிட்ட ரெண்டு வார்த்தை கேக்கிறேன், சரியா? யாழினி, ‘நானிலம்’னு எழுதியிருக்கியே, அப்படின்னா என்னம்மா?”

யாழினி மேசையைப் பார்த்தாள். “தெரியல மேம்.”

“‘விஞ்ஞான விடிவெள்ளி’?”

“ஏதோ ஸ்டார்... ஷாயத்.” ‘இருக்கலாம்’ என்பதை இந்தியில் சொன்னாள்.

“அப்ப யாரும்மா எழுதினது? பயப்படாம சொல்லு. ஏதாவது ஆப்பா?”

“நான்தான் மேம்.” ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு வேகமாகத் திரைக்குத் திரும்பி, இன்னும் உறுதியாகச் சொன்னாள். “நான்தான்.”

செல்வியும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு நானிலம் தெரியும். எங்கள் வீட்டில் அந்த மாதிரி வார்த்தையைப் போடக்கூடியவன் ஒருவன்தான். ஒரு வாரமாக இந்தப் பெண் வாயைத் திறக்காததற்குக் காரணம் பயம் இல்லை. என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பதுதான்.

“மேடம்,” என்றேன். “அது நான் போட்டது.”

“எது சார்? நானிலமா?”

“ஆமா.”

“விடிவெள்ளி?”

“அதுவும்.”

“மூணாவது பாராவும் முடிவுரையும்?”

“அதுவும் நான்தான்.”

“அப்ப அவ எழுதினது எது சார்?”

அவமானத்தில் காது சுட்டது. என் போனை எடுத்து மேலே மேலே தள்ளினேன். காலை வணக்கப் பூக்கள், அச்சகத்து நோட்டீஸ்கள், அவற்றுக்கு நடுவில் அந்தப் படம் கிடைத்தது. கோடு போட்ட தாள், அவள் கையெழுத்து, மூலையில் தேதி. அதை ஆசிரியைக்கு அனுப்பினேன். அவர் சத்தமாகவே படித்தார்.

‘எங்கள் வீட்டில் அம்மாவுக்கு டியூட்டி. நான் ஸ்கூல் விட்டு வந்தால் யாரும் இல்லை. கணக்கு புரியவில்லை என்றால் ஏஐ இடம் கேட்பேன். பத்து தடவை கேட்டாலும் திட்டாது. மேமிடம் பத்து தடவை கேட்க பயம். இது அச்சா விஷயம். ஆனால் நான் சாப்பிட்டேனா என்று அது கேட்காது. மாமா கேட்பார், சனிக்கிழமை போன் செய்து. அப்புறம் என் தமிழில் தப்பு சொல்வார். எனக்கு ரெண்டும் வேண்டும்.’

இதைத்தான் நான் லேசாகத் திருத்தியிருக்கிறேன். கட்டுரையில் சொந்தக்காரர்களைப் பற்றி எழுதக் கூடாது என்று மாமாவை வெட்டினேன். அச்சாவை வெட்டினேன். பயத்தையும் வெட்டிவிட்டு, அந்த இடத்தில் ‘நானிலம் போற்றும் விஞ்ஞான விடிவெள்ளி’யை வைத்தேன். திருத்தும்போது இந்தத் தாளை நான் படிக்கவே இல்லை, பிழைகளை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். மாணவி எழுதியதல்ல என்று அந்த மென்பொருள் சொன்னது சரி. இயந்திரம் என்று சொன்னதில்தான் கொஞ்சம் தப்பு. அதற்காக அதனிடம் சண்டை போட எனக்கு முகம் இல்லை.

ஆசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இதையே குடும்மா. கையெழுத்துலயே. எழுத்துப் பிழைக்கு மார்க் குறைப்பேன், அது வேற. கோப்புல ஒண்ணும் ஏறாது,” என்றார். பிறகு என்னிடம், “சார், இந்தப் போட்டோவை மதுரையிலேர்ந்தே அனுப்பியிருக்கலாமே?” என்றார். அனுப்பியிருக்கலாம். எந்தச் செலவும் இல்லாமல்.

“ஏன்டி சொல்லல?” என்று பிறகு யாழினியிடம் கேட்டேன்.

“நீங்க எவ்ளோ மெஹ்னத் பண்ணி டைப் பண்ணீங்க. சொன்னா உங்களுக்கு புரா லகேகா நா.” நான் பாடுபட்டு அடித்தேனாம், சொன்னால் எனக்கு வருத்தமாக இருக்குமாம். எனக்கு என் மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

சனிக்கிழமை மூவரும் இந்தியா கேட் போனோம். புகையில் அதன் மேல் பாதியைக் காணவில்லை. அங்கிருந்து சாணக்யபுரியில் நம் மாநில விருந்தினர் இல்லத்தில் சாப்பாடு. ரசம் நன்றாக இருந்தது. உணவுப் பட்டியலில் மூன்று பிழைகள் இருந்தன, சொல்லாமல் வந்தேன். ஞாயிறு மாலை விமானத்தில் 7,240 ரூபாய்க்குத் திரும்பினேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். நவம்பரிலிருந்து ஜனவரி வரை நல்ல முகக்கவசம் இல்லாமல் போகாதீர்கள். பள்ளியிலோ அலுவலகத்திலோ வேலை இருந்தால், திறந்திருக்கிறதா என்று கிளம்பும் காலையில் மறுபடி கேளுங்கள். பத்து, இருபது ரூபாய்த் தாள்கள் கையில் இருக்கட்டும், ஆட்டோக்காரரின் போன் வகுப்பில் இருக்கலாம். இறங்கியதும் செய்திகளைப் பாருங்கள். உங்கள் அக்கா மகளோ தங்கை மகளோ கட்டுரை அனுப்பினால், முதலில் முழுசாகப் படியுங்கள்.

மதிப்பெண் போன வாரம் வந்தது. இருபதுக்குப் பதிமூன்று. இந்தச் சனிக்கிழமை யாழினி இன்னொரு தாளைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். முதல் வரியிலேயே நான்கு பிழைகள் கண்ணில் பட்டன. விரல் துறுதுறுத்தது. கடைசி வரி வரை படித்தேன். பிறகு, ‘சாப்பிட்டியா?’ என்று மட்டும் அனுப்பினேன்.