பாவப்பட்டவன் வந்து சேர்ந்தான்

என் கணவருக்கு முப்பதாம் நாள் பூசை முடிந்த அடுத்த திங்கட்கிழமை, அவர் பத்திரமாக இருப்பதாக என் போனுக்குத் தகவல் வந்தது. கம்பெனி கேண்டீனில் டீ டம்ளரோடு உட்கார்ந்திருந்தேன். இந்த வாரம் உங்கள் வீட்டுச் சாதனங்கள் எல்லாம் பாதுகாப்பாக இருக்கின்றன என்று ஆங்கிலத்தில் போட்டு, கீழே ஒரு பட்டியல். மேனேஜர், பாதுகாப்பு. டிவி, பாதுகாப்பு. பாவப்பட்டவன், பாதுகாப்பு. டம்ளரை அப்படியே வைத்துவிட்டுக் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

பெயர் வைத்தது அவர்தான். வீட்டுக்கு நெட் இணைப்பு வாங்கிய அன்று, ரவுட்டருக்குள்ளேயே செக்யூரிட்டி இருக்கிறது என்று சந்தோஷமாக அதை ஆன் செய்தார். ஒவ்வொரு சாதனத்துக்கும் அது பெயர் கேட்டது. என் போனுக்கு மேனேஜர் என்று போட்டார், தன் போனுக்குப் பாவப்பட்டவன்.

"நான் என்ன உங்கள அதட்டிக்கிட்டா இருக்கறன்?" என்றேன்.

"பாரு, கேக்கறதே மேனேஜர் மாதிரிதான் கேக்கற."

ஓசூரில் எங்கள் தெருவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள், அதுவும் காலையில்தான் தண்ணீர் விடுவார்கள். பிடிக்க ஆள் வேண்டும். அதற்காகவே அவர் தன் கம்பெனியில் கேட்டு நைட் ஷிஃப்ட் வாங்கிக்கொண்டார். நான் என் கம்பெனியில் காலை ஷிஃப்ட். ஐந்தேகாலுக்கு நான் பஸ் ஏறுவேன், ஏழு மணிக்குள் அவர் வண்டியை வாசலில் நிறுத்துவார். ஞாயிற்றுக்கிழமை தவிர ஒருவர் முகத்தை ஒருவர் ஒழுங்காகப் பார்ப்பது சாயங்காலம் இரண்டு மூன்று மணி நேரம்தான்.

அசெம்பிளி லைனில் போன் கூடாது, லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். எட்டரை மணிக்கு டிபன் இடைவேளையில் எடுத்துப் பார்ப்பேன். பாவப்பட்டவன் வீட்டு இணைப்புக்கு வந்துவிட்டான் என்று நேரத்தோடு செய்தி இருக்கும். ஹைவேயில் லாரிகளுக்கு நடுவில் வந்து சேர்ந்துவிட்டார், குடத்தை நிரப்பிவிட்டுப் படுப்பார் என்று எனக்கு நிம்மதி. கூப்பிட்டால் தூக்கம் கெடும். நாளாவட்டத்தில் கூப்பிடுவதையே விட்டுவிட்டேன். வந்தாரா என்று கேட்பதை ஒரு பெட்டியிடம் ஒப்படைத்தோம். என்ன புத்தியோ!

அன்றைக்கும் செய்தி வந்தது. ஆறு ஐம்பத்திரண்டு. எட்டரைக்குப் பார்த்தேன். பார்த்துவிட்டு இரண்டு பூரி சாப்பிட்டேன், கூட வேலை செய்கிறவளிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தேன். மூன்றே முக்காலுக்கு வீட்டுக்கு வந்தால் மனுஷன் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் தரையில் கிடக்கிறார். பக்கத்தில் போன். குடங்கள் காலியாக இருந்தன.

மாரடைப்பு, காலையிலேயே போயிருக்கும் என்றார் டாக்டர். எத்தனை மணிக்கு என்று கேட்டேன். அதையெல்லாம் அப்படிச் சொல்ல முடியாதம்மா என்றார்.

அவருடைய போனை அன்று ராத்திரியே அணைத்து பீரோவில் வைத்தேன். அதன் பிறகும் திங்கள் தவறாமல் பாவப்பட்டவன் பத்திரமாக இருந்தான். செத்தவரை இத்தனை பத்திரமாகப் பார்த்துக்கொள்கிற செக்யூரிட்டி, அவர் உயிருக்குப் போராடிய அன்று எங்கே போய்த் தொலைந்தது? ஆத்திரத்தில் ஒரு ஞாயிறு மத்தியானம் அந்தச் செக்யூரிட்டியை ஆஃப் செய்தேன். டிவியை அணைத்தேன், என் போனையும் அணைத்தேன். நெட் ஓடினால் மினுக்குகிற ரவுட்டரின் பச்சை விளக்கு அப்போதும் மினுக்கிக்கொண்டே இருந்தது. வீட்டில் எந்தச் சாதனமும் ஓடாதபோது அது யாரோடு பேசுகிறது?

"பிடுங்கிப் போடு அந்த சனியன" என்றாள் கூட வேலை செய்கிறவள். எனக்குக் கை வரவில்லை. அவர் வந்து சேர்ந்தார் என்று கடைசியாக என்னிடம் சொன்னது அதுதானே.

நெட் இணைப்புக் கொடுத்தவரை அடுத்த ஞாயிறு வரச் சொன்னேன். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். என்னைவிடப் பெரியவர்தான், ஆனால் ஊரில் பெண்கள் எல்லோரும் அவருக்கு அக்கா. லேப்டாப்பைத் திறந்து காட்டினார். நிமிடத்துக்கு ஒரு வரி ஏறிக்கொண்டிருந்தது.

"ஒவ்வொரு வரியும் ஒரு பேச்சுக்கா. செக்யூரிட்டிய நடத்தறது அந்தாண்ட வேற ஒரு கம்பெனி. வீட்ல எந்த போன் எங்க போவுது, எப்ப வருதுன்னு இது அங்க அனுப்பிக்கிட்டே இருக்கும். நீங்க ஆஃப் பண்ணீங்க, காவல் நின்னுச்சி. கோள் சொல்றது நிக்கல."

"அத எப்பிடி நிறுத்தறது?"

"அண்ணன் அன்னிக்கு சம்மதம்னு அமுக்கியிருக்காரு. அத வாபஸ் வாங்கணும். ஆனா வாங்கினா இருக்கற ரெக்கார்டு பூரா அழிஞ்சிடும்."

"என்ன ரெக்கார்டு?"

"ஒவ்வொரு போனும் கடைசியா இங்க இருந்த நாள்ல, எந்தெந்த மணிக்கு நெட் ஓடுச்சின்னு."

டாக்டரால் சொல்ல முடியாததை இந்தப் பெட்டி இத்தனை மாதமாக உள்ளே வைத்திருக்கிறது. எட்டரைக்கு நான் கூப்பிட்டிருந்தால் அவர் எடுத்திருப்பாரா? பூரி தின்றுகொண்டிருந்தபோது அவர் உயிரோடு இருந்தாரா? அந்தக் கேள்வியோடுதான் தினமும் லைனில் நிற்கிறேன்.

"பாவப்பட்டவன்னு இருக்குதே, அதத் திறங்க" என்றேன்.

திறந்தார். மணி வாரியாகக் கோடுகள். ஏழு மணியில் ஒரு உயரமான கோடு. எட்டில் சின்னது. ஒன்பதிலும் ஒன்று.

"ஒம்பது மணிக்குக் கோடு இருக்குது! அப்ப உயிரோட இருந்தாருங்களா?" கத்திவிட்டேன் போல. நெட்காரர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். அந்த நாள் என்ன நாள் என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அக்கா, யாரும் தொடலைன்னாலும் போன் தானாவே பேசும். இந்த ரவுட்டர் மாதிரியேதான். இத வெச்சி ஒண்ணும் சொல்ல முடியாதுங்க. பத்து மணியப் பாருங்க, பன்னண்டு, ரெண்டு... எல்லாத்துலயும் இருக்குது. நாலு மணிக்கும் இருக்குது."

நாலு மணிக்கு அவர் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உடம்பு விறைத்திருந்தது. அந்த மணிக்கும் எட்டுக்கும் ஒன்பதுக்கும் ஒரே அளவுக் கோடு. அவர் எங்கே முடிந்தார், போன் எங்கே தொடங்கியது என்று ஒரு அடையாளமும் இல்லை.

"வேணும்னா இருக்கட்டுங்களாக்கா? இன்னொரு நாள் பண்ணிக்கலாம்."

"வேணாம். தள்ளுங்க, நானே அமுக்கறன்."

சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறீர்களா என்று கேட்டது. ஆம். உறுதியா என்று மறுபடி கேட்டது. ஆம். பட்டியலில் இருந்த பெயர்கள் என் கண் முன்னாலேயே போயின, முதலில் மேனேஜர், கடைசியில் அவர். ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டுவிட்டுப் பத்து நிமிடம் இருவரும் லேப்டாப்பையே பார்த்தோம். ஒரு வரிகூட ஏறவில்லை.

"நின்னுடுச்சிக்கா" என்று மெதுவாகச் சொன்னார் அவர். காபி போடுகிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

எட்டரைக்குக் கூப்பிட்டிருந்தால் அவர் எடுத்திருப்பாரா என்பது இனி எனக்கோ, எந்தப் பெட்டிக்கோ தெரியப்போவதில்லை. நான் கூப்பிடவில்லை என்பது தெரியும்.